ஆப்பிரிக்கச் சமையலில் எனக்கு ஈடுபாடு அதிகம். அதை உலகம் முழுக்க உள்ளவர்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது?

முதலில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் ஓர் ஊரை. 54 நாடுகள் உள்ள கண்டத்தை ஒரே சொல்லில் அடக்கி 'ஆப்பிரிக்கச் சமையல்' என்றால், கேட்பவர் மனதில் எந்த உணவும் வந்து நிற்காது. செனகலில் மீனையும் அரிசியையும் சேர்த்துச் சமைக்கும் செபு ஜென் ஒரு பக்கம். மலாவியில் மக்காச்சோள மாவில் கிண்டும் ன்சிமா ஒரு பக்கம். துனீசியாவின் கூஸ்கூஸ் முற்றிலும் வேறு. மூன்றும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இருக்கின்றன, மூன்றும் ஒரே கண்டம். ஆனால் ஒன்றைச் சமைக்கத் தெரிந்தவருக்கு மற்றது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

நான் எத்தியோப்பியாவோடு நிறுத்திக்கொண்டேன். அங்கேதான் கற்றேன். 2011 முதல் 2016 வரை தானா ஏரிக்கரையில் உள்ள பஹிர் தார் நகரத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தேன். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் அப்படிப் போயிருந்தோம். வீட்டுக்காரப் பாட்டியை ஊரார் கூப்பிடுவதுபோல நானும் எமாமா என்றே கூப்பிட்டேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது யார் வாசலில் எட்டிப் பார்த்தாலும் "எனிப்லா" என்பார். 'வா, சாப்பிடலாம்' என்று பொருள். வந்தவர் தெரிந்தவரா இல்லையா என்று பார்க்கமாட்டார். எல்லோருக்கும் ஒரே தட்டுதான்.

கோயம்புத்தூர் திரும்பியதும் சின்னச் சின்னச் சமையல் வகுப்புகள் தொடங்கினேன், படமெடுத்து யூடியூபிலும் ஏற்றினேன். அங்கே குழம்புக்கு அடியில் விரிக்கும் புளித்த மாவு அப்பம் இஞ்செரா. எளிதாகப் புரியட்டும் என்று அதை 'எத்தியோப்பியத் தோசை' என்று சொன்னேன். அதற்கான டெஃப் என்ற சிறுதானியத்தின் மாவு கிடைக்காததால் தோசை மாவில் சோடா உப்புப் போட்டுத் துளை வரவைத்தேன். ஒருநாள், இங்கே படிக்க வந்திருந்த எத்தியோப்பிய மாணவர் ஒருவர் வகுப்புக்கு வந்தார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், நன்றி சொன்னார். கிளம்பும்போதுதான் கேட்டார்: "அக்கா, நான் ஊருக்குப் போய் உங்கள் தோசையை அரிசி இஞ்செரா என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை ஏற்றியிருந்த ஆறு காணொளிகளையும் மறுநாளே எடுத்துவிட்டேன்.

அந்தத் தம்பி சொன்னது சரிதான். இஞ்செராவுக்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது. டெஃப் மணி கசகசாவைவிடச் சிறியது. அதன் மாவில் தண்ணீரும், முந்தைய மாவின்மேல் தெளிந்து நிற்கும் புளித்த நீரும் சேர்த்து இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். அந்தப் புளித்த நீருக்கு எர்ஷோ என்று பெயர். புளித்ததும் மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டு, மாவில் கொஞ்சம் எடுத்துக் கொதிநீரில் கூழாகக் காய்ச்சி மறுபடி மாவிலேயே கலப்பார்கள். இது அப்சித். எமாமா முதல்முறை இதைச் செய்தபோது அடுப்படியில் நின்றபடியே அம்மாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் நாகர்கோவில் பக்கம் ஆப்ப மாவுக்குக் கப்பி காய்ச்சுவது இதே கைவேலைதான். அப்புறம் மாவு பொங்கியதும், மிதாத் என்ற அகன்ற கல்லில் வெளியிலிருந்து உள்ளே சுற்றி ஊற்றி மூடி விடுவார்கள். திருப்பிப் போடுவது கிடையாது. மேலே வரும் துளைகளைக் கண் என்கிறார்கள். கண் சரியாகத் திறந்திருந்தால்தான் குழம்பு அதில் இறங்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பஹிர் தார் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவுகள் குளிர்ச்சியானவை. அங்கே மூன்று நாள் தாங்கிய மாவு, கோயம்புத்தூர் ஏப்ரலில் ஒன்றரை நாளிலேயே வாயில் வைக்க முடியாதபடி புளித்தது. உங்கள் குறிப்பைப் படிப்பவர் துபாயிலும் இருப்பார், ஆஸ்லோவிலும் இருப்பார். நாள் கணக்கு மட்டும் சொன்னால் அவர் ஏமாந்துபோவார். மாவின் வாசம், குமிழி, மேலே பிரியும் நீரின் நிறம் இவற்றைச் சொல்லிக்கொடுங்கள்.

பெயரை மாற்றியது என் தவறு. பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றுவதும் நடக்கிறது. ஜொலோஃப் என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் தக்காளிச் சோறு. 2014 இல் பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவரின் ஜொலோஃப் குறிப்பில் கொடியோடு செர்ரி தக்காளி, கொத்தமல்லி, பார்ஸ்லி, எலுமிச்சை எல்லாம் இருந்தன. யாருடைய ஜொலோஃப் உசத்தி என்று ஓயாமல் வாதாடும் நைஜீரியர்களும் கானாக்காரர்களும் சேர்ந்தே கொதித்தார்கள். தக்காளியும் குடைமிளகாயும் வெங்காயமும் கார மிளகாயும் எண்ணெயில் சுருண்டு பச்சை வாசம் போவதில்தான் அந்தச் சோற்றின் உயிர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே எதைத் தூவினாலும் அது ஜொலோஃப் ஆகாது.

லண்டனில் சிஷுரு உணவகம் நடத்தும் அடெஜோகே பக்காரே வேறு வழியில் போனவர். நைஜீரியாவில் வளர்ந்தவர், சமையல் கல்லூரியில் படித்தவர் அல்ல. மேற்கு ஆப்பிரிக்க உணவை அதன் காரத்தோடும் புளிப்போடும் பரிமாறினார். 2024 பிப்ரவரியில் அவர் உணவகத்துக்கு, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. சிஷுரு என்பது ஹவுசா மொழிச் சொல். சாப்பாடு வந்ததும் பேச்சு நின்று மேசையில் விழும் அமைதிக்கு அப்படிப் பெயராம். இந்தச் சொல்லை அறிந்த நாளிலிருந்து என் வகுப்புகளில் நானும் அந்த அமைதிக்குக் காத்திருக்கிறேன்.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். டெஃப் மாவைப் பதப்படுத்தும் முறைக்கு நெதர்லாந்து நிறுவனம் ஒன்று ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. எத்தியோப்பியப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் தானியம் அது. 2018 இல் ஹேக் நீதிமன்றம் அந்தக் காப்புரிமை நெதர்லாந்தில் செல்லாது என்றது. இதைப் படித்தபிறகு, யாரிடம் கற்றேன், எந்த ஊரில் கற்றேன் என்று சொல்லாமல் நான் எந்தக் குறிப்பையும் வெளியிடுவதில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், நோன்பு உணவிலிருந்து. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் என்று ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இறைச்சி, பால், முட்டை தொடுவதில்லை. அதனால் பருப்பிலும் கீரையிலும் கடலை மாவிலும் அவர்கள் வளர்த்து வைத்திருக்கும் சமையல் ஒரு பெருஞ்செல்வம். மைசூர்ப் பருப்பில் செய்யும் மிசிர் வொட், கடலை மாவில் செய்யும் ஷிரோ, கொமென் கீரை மூன்றையும் எந்த நாட்டுச் சைவக்காரரும் முதல் நாளே செய்துவிடலாம். அவர்களுடைய மிளகாய் மசாலாவான பெர்பெரே பொடிக்கு வேண்டியவற்றில் ஓமம், கருஞ்சீரகம், வெந்தயம் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன. அருவதா நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கோரரிமா என்ற அந்த ஊர் ஏலக்காய்தான் தேட வேண்டியிருக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். பஹிர் தார் சந்தையில் டாகுசா என்று குவித்து வைத்திருந்த தானியத்தைக் கையில் அள்ளியபோது கேழ்வரகு! எமாமா அதை டெஃப்போடு கலந்து இஞ்செரா சுடுவார். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராகி இங்கே வந்தது. கம்பும் தட்டைப்பயறும் புளியும்கூட அந்தக் கண்டத்துக்காரர்கள்தான். டெஃப் விலை கட்டாதவர்களுக்கு நான் இப்போது டெஃப்பும் கேழ்வரகும் பாதிப்பாதி கலந்த மாவையே சொல்லிக்கொடுக்கிறேன், எமாமா வீட்டு முறை என்று சொல்லியே.

போன வருடம் டோரோ வொட் காணொளி ஏற்றினேன். பண்டிகைக்குச் செய்யும் கோழிக் குழம்பு, கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, அவித்த முட்டை சேர்ப்பது. வாஷிங்டன் பக்கம் இருக்கும் எமாமாவின் மகள் அதைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினார். "ஒரு கோழிக்கு முக்கால் கிலோ வெங்காயம் என்கிறீர்கள். அம்மா அதைப்போல் இரண்டு மடங்கு போடுவார்." எமாமாவையே அழைத்துக் கேட்டேன். கிராம் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. கேமராவுக்கு முன்னால் முறத்தைத் தூக்கி, எதுவரை வெங்காயம் நிறைய வேண்டும் என்று விரலால் காட்டினார். அதே அளவு முறம் ஒன்றை இங்கே வாங்கி, நிரப்பி, எடை போட்டேன். ஒன்றரைக் கிலோ இருந்தது. பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல், சிறுதீயில் வெறும் சட்டியில் வதக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புதிய காணொளியில் அந்த ஒரு மணி நேரத்தையும் வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.