வன்னியில் ஈரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று) எவ்வளவு பரவியிருக்கிறது? கணக்கிடுவது பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சி: இரத்த வங்கியில எல்லாக் கொடையாளரையும் சோதிக்கினம்தானே டொக்டர். அந்த வீதத்தையே மாவட்டத்துக்கு எடுக்கலாமோ?

எடுக்கக்கூடாது. நோயாளிகள் வாசலிலேயே விலக்கப்படுகிறார்கள். அடிக்கடி கொடுப்பவரின் குருதி ஏற்கெனவே சோதித்துத் தெளிந்தது. அந்த வீதம் உண்மையைவிடக் குறைவாகத்தான் நிற்கும்.

ஒட்டுசுட்டான்: அப்ப எத்தனை பேரைச் சோதிக்கவேணும்?

2 வீதம் இருக்கும் என்று எதிர்பார்த்து, 1 வீதம் கூடக்குறையத் தெரிந்தால் போதும் என்றால் (1.96 என்பது 95 வீத நம்பகத்துக்கான எண், 0.0001 என்பது 0.01இன் வர்க்கம்): 1.96 × 1.96 × 0.02 × 0.98 ÷ 0.0001 = 753. ஒரே ஊரவரிடையே தொற்று ஒத்திருக்கும் என்பதால் 1.5ஆல் பெருக்குங்கள், 1130. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 1255. 30 கிராம அலுவலர் பிரிவுகள், பிரிவுக்கு 42 பேர். சனத்தொகை கூடிய பிரிவுக்குத் தெரிவாகும் வாய்ப்பும் கூட இருக்கவேண்டும். பழைய வாக்காளர் இடாப்பை நம்பாதீர்கள். இடம்பெயர்ந்து மீளக்குடியேறிய ஊர்களில் வீடுகளைப் புதிதாக எண்ணுங்கள்.

மல்லாவி: பகலில போனா ஆம்பிளையள் வயலில. வீட்டில நிக்கிறவையை எடுக்கட்டோ?

வேண்டாம். குலுக்கலில் வந்தவரைத்தான் எடுக்கவேண்டும். பின்னேரம் மறுபடி போங்கள், மூன்று முறையாவது. அறுவடைக் காலத்தைத் தவிருங்கள்.

வவுனியா: 1000 பேரில 20 பேருக்கு பொசிட்டிவ். 2 வீதம் எண்டு எழுதலாம்தானே?

இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். உங்கள் றபிட் டெஸ்ட் (கோடு விழுந்தால் பொசிட்டிவ் என்று காட்டும் உடனடிச் சோதனை) தொற்றுள்ளவரில் 95 வீதத்தினரைப் பிடிக்கும், தொற்றில்லாதவரில் 99 வீதத்தினரைச் சரியாக விடும் என்று வைப்போம். அந்த மிச்ச 1 வீதம் சிறிதாகத் தெரியும். ஆனால் தொற்றில்லாதவர் கிட்டத்தட்ட 990 பேர், அவர்களில் 10 பேருக்குப் பொய்யான கோடு விழும். உங்கள் 20இல் பாதி பொய்! திருத்தம் இதுதான்: (0.02 + 0.99 − 1) ÷ (0.95 + 0.99 − 1) = 0.0106. அதாவது ஏறத்தாழ 1.1 வீதம். தொற்று அரிதான இடத்தில் இந்தத் திருத்தம் இல்லாத எண்ணை வெளியிடவே கூடாது. பொசிட்டிவ் வந்த ஒவ்வொருவரையும் ஆய்வுகூடத்தில் வேறு முறையால் உறுதிப்படுத்துங்கள். நாட்பட்ட தொற்று என்று சொல்ல 6 மாதத்துக்குப் பிறகும் மேற்பரப்பு அன்டிஜன் (வைரஸின் வெளியுறைப் புரதம்) குருதியில் இருக்கவேண்டும். அண்மையில் தடுப்பூசி போட்டவருக்குச் சில நாள் பொய்ப் பொசிட்டிவ் வரலாம். ஊசித் திகதியைக் கேட்டு எழுதுங்கள்.

முடிவை ஆளிடம் தனியாகச் சொல்லுங்கள். சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது என்பதையும் அப்போதே சொல்லவேண்டும். சின்ன ஊரில் ஒரு பெயர் கசிந்தால் அந்தக் குடும்பமே ஒதுக்கப்படும்.

துணுக்காய்: கிட்டைக் காரில வைச்சுக் கொண்டுபோகலாமோ?

பெரும்பாலான கிட் 30 பாகைக்கு மேல் தாங்காது. நிறுத்திய காரில் அதைவிடச் சூடு ஏறும். குளிர்ப்பெட்டி எடுங்கள், ஆனால் பிரிக்காத குருதிக் குழாயை ஐஸ் மேலே நேரே வைக்காதீர்கள், செங்குருதிக் கலம் உடையும். சோதனையில் விழும் கோட்டை, கிட் பெட்டியில் எழுதியுள்ள நிமிடத்தில் வாசியுங்கள். பிந்தித் தோன்றும் கோடு கணக்கில் இல்லை.

மாங்குளம்: பிள்ளையளையும் சேர்க்கட்டோ?

சேருங்கள், ஆனால் வேறாகக் கணக்கிடுங்கள். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவரையும் பின் பிறந்தவரையும் ஒரே சராசரியில் கலந்தால் இரண்டும் மறைந்துபோகும்.