காப்பீட்டு அட்டைக்கு எந்த டாக்டர்?

"அக்கா, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சென்னையை விட்டு ஊருக்கே வந்துவிட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதைக் காட்டினால் ஃபீஸ் வாங்காமல் பார்க்கும் குடும்ப டாக்டர் யார்? நாலு கிளினிக் ஏறி இறங்கியாயிற்று. எல்லாரும் கையை விரிக்கிறார்கள்."
— ஒரு மகள், தேவகோட்டை

அந்த நாலு பேர் மேலும் தப்பில்லை, தங்கச்சி. அந்த அட்டை டாக்டர் ஃபீஸுக்கானதே இல்லை. அட்மிஷன் ஆகிச் செய்துகொள்ளும் சிகிச்சை, பட்டியலில் உள்ள அறுவை, சில பரிசோதனைகள், இவற்றுக்குத்தான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் 200 ரூபாய் அதில் வராது.

எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் என்று போனால் அட்டை பணம் கட்டுகிறது. கெடாமல் இருக்க மாதாமாதம் சர்க்கரையைப் பார்த்து, மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிற டாக்டருக்கு ஒரு ரூபாய் கட்டாது. காப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் வைத்தியச் செலவு முழுக்க அடங்கிவிட்டதாக நம் ஜனங்கள் நிம்மதியாகி விடுகிறார்கள். கைவசம் இருப்பது பெட்டுக்கான பணம் மட்டும். டாக்டரைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

நானும் தேடாமல் விட்டவள். குடும்ப டாக்டர் எதற்கு என்று, எங்கள் அப்பச்சிக்கு மூன்று வருடம் தொடர்ந்து மதுரையில் 4,500 ரூபாய்க்கு 'முழு உடல் பரிசோதனை' வாங்கினேன். மூன்று வருடமும் பளபளப்பான ஃபைல் வந்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு வருடத்துக்கு வருடம் ஏறியிருந்தது. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்கு ஓர் ஆள் இல்லை. கால் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. 13,500 ரூபாய் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மூன்று வருடம் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

அம்மாவை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். ஃபீஸ் கொடுத்துப் பார்க்கும் டாக்டரும் ஒருவர் இருக்கட்டும். அவர் பழைய சீட்டை வாங்கிப் பார்க்கிறாரா, மருந்தின் பெயரைப் படிக்கிற மாதிரி எழுதுகிறாரா என்று கவனியுங்கள். "அட்மிஷன் தேவைப்பட்டால் இந்த அட்டை எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பீர்களா?" என்று முதல் நாளே கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். வாசலில் அட்டை ஏற்கப்படும் என்று போர்டு இருந்தால் மட்டும் போதாது. எலும்புக்கு எடுக்கிற இடம் இருதயத்துக்கு எடுக்காமல் இருக்கலாம். எந்த ஆஸ்பத்திரி எந்த நோய்க்கு என்பதைக் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-ல் கேட்டு, எழுதி பீரோ கதவில் ஒட்டிவையுங்கள்.

"ரைஸ் மில்லில் வேலை. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். மூன்று வருடமாக ஒரு நாளும் போனதில்லை. பிள்ளைக்குத் தனியாரில்தான் காட்டுகிறேன்."
— புதுவயல்

தேவகோட்டைத் தங்கச்சி தேடுவது உங்கள் கையிலேயே இருக்கிறது. பெட்டுக்கு மட்டுமில்லாமல் சாதாரணக் காய்ச்சலுக்கும் பார்க்கிற காப்பீடு ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு 0.75 சதவீதம் பிடித்தம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். மனைவி, பிள்ளை, உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் உண்டு. மில் ஆபீஸில் உங்கள் 10 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தார் பெயர் ஏறியிருக்கிறதா, எந்த ஈ.எஸ்.ஐ. மருந்தகம் என்று பாருங்கள். உங்கள் பணம் அது. மூன்று வருடம் சும்மா விட்டிருக்கிறீர்கள்.

"சந்தைக்கு வெளியே ஒருவர் 'குடும்ப டாக்டர் பிளான்' என்று 2,500 ரூபாய்க்குக் கார்டு விற்றார். எந்த கிளினிக்கும் எடுக்கவில்லை. ரசீது வாங்கவில்லை, கம்பெனி பெயரும் ஞாபகமில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?"
— காரைக்குடி

யாரிடமிருந்து?

"எனக்கு 68 வயது. வீட்டுக்காரர் போய்விட்டார், பிள்ளை இல்லை. இரண்டு தெருவுக்கு நீளும் வீடு, ஆனால் முதியோர் பணத்தில்தான் சாப்பாடு. 'இவ்வளவு பெரிய வீட்டு ஆச்சிக்கு எதுக்கு அட்டை' என்று அனுப்பிவிட்டார்கள்."
— கானாடுகாத்தான்

ஆச்சி, உங்களை அனுப்பியவர் தூணை எண்ணியிருக்கிறார், வருமானத்தைக் கேட்கவில்லை. திட்டம் கேட்பது குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறதா என்பதை மட்டும். வீட்டின் நீளம் கணக்கில் வராது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதாரோடு சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். பஸ்ஸில் தனியாகப் போக வேண்டாம்; தெருப் பிள்ளை யாரையாவது கூட்டிப் போங்கள். மறுபடி திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். நான் விடமாட்டேன்.

"தனியார் பாலிசி எடுத்தபோது சர்க்கரை இருப்பதை எழுத வேண்டாம் என்றார் ஏஜென்ட். இப்போது கிளைமை மறுத்துவிட்டார்கள்."
— கோட்டையூர்

அவர் சொன்னார், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு என்னிடம் மருந்தில்லை.

"அப்பாவுக்கு அட்டையில்தான் ஆபரேஷன். அப்ரூவல் வந்த பிறகும் 'உள்ளே போடுகிற சாமானுக்கு' என்று 18,000 ரூபாய் வாங்கினார்கள். பில் தரவில்லை. கேட்டால், இலவசமாகத்தானே செய்தோம், புகார் செல்லாது என்கிறார்கள்."
— பள்ளத்தூர்

தியேட்டர் வாசலில் நிற்கிற பிள்ளையிடம் பணம் கேட்டால் யார் தரமாட்டார்கள்? இதில் நீங்கள் கூசுவதற்கு எதுவும் இல்லை. ஆபரேஷன் இலவசமாகவும் நடக்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் நோயாளி நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. அப்ரூவலில் அடங்கிய செலவுக்கு உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. ஜி.பே.யில் அனுப்பியிருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுங்கள். ரொக்கம் என்றால் அன்று பேங்கில் எடுத்த கணக்கு, கூட நின்றவரின் சாட்சி. டிஸ்சார்ஜ் சீட்டையும் சேர்த்து, பில் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் பதிவுத் தபால் போடுங்கள். அதே நாளில் 1800 425 3993-ல் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். பணம் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மனு எழுதத் தடுமாறினால் தாள்களின் நகலை அனுப்புங்கள், எழுதித் தருகிறேன். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான்.