பணத்தில் கடவுள் பெயர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டாலரில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்று பொருள்படும் ‘இன் காட் வி டிரஸ்ட்’ வாசகம் அமெரிக்கா உருவான நாளிலிருந்தே இருக்கிறதா?

இல்லை. 1782இல் அரசு முத்திரைக்குத் தேர்ந்தது ‘பலவற்றிலிருந்து ஒன்று’ எனும் லத்தீன் தொடர்தான். கடவுள் வாசகம் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வந்தது. 1861 நவம்பரில் பென்சில்வேனியா பாதிரியார் ஒருவர், நாணயத்தில் கடவுளைக் குறிப்பிட வேண்டுமென்று கருவூலச் செயலர் சால்மன் சேஸுக்கு எழுதினார். சேஸும் சில நாட்களிலேயே நாணயச்சாலைக்கு உத்தரவிட்டார். ஆனால் காசில் எதைப் பொறிக்கலாம் என்பதை 1837ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. புதுச் சட்டம் 1864 ஏப்ரலில் வந்தபின், அவ்வாண்டின் 2 சென்ட் காசில் வாசகம் முதன்முதலாக ஏறியது.

நோட்டுக்கு வர இன்னும் 93 ஆண்டுகள் ஆயின. சோவியத் யூனியனுடன் பனிப்போர் நடந்த காலம் அது. எல்லாக் காசிலும் நோட்டிலும் வாசகம் கட்டாயம் என்ற சட்டத்தில் அதிபர் ஐசனோவர் 1955 ஜூலையில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு அதுவே தேசிய வாசகமானது. முதல் நோட்டுகள் 1957 அக்டோபர் 1 அன்று புழக்கத்துக்கு வந்தன. அச்சகம் புதிய எந்திரங்களுக்கு மாறிக்கொண்டிருந்ததால் எல்லா மதிப்பு நோட்டுகளிலும் இடம்பெற 1960கள் ஆகிவிட்டன. சேகரிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நோட்டில் இருப்பது அந்த வடிவமைப்பு வரிசையைக் குறிக்கும் தொடர் ஆண்டு, அச்சிட்ட ஆண்டு அன்று. 1935ஜி தொடர் ஒரு டாலர் நோட்டில் வாசகம் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. பின்பக்கம் ‘ஒன்’ என்ற பெரிய சொல்லுக்கு மேலே பாருங்கள்.

கேள்வி: அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதை நீக்கினாராமே? நாத்திகரா?

நாத்திகரல்லர். பக்தியால்தான் நீக்கினார். 1907இல் வெளியான புதிய 10, 20 டாலர் தங்க நாணயங்களில் வாசகம் இல்லை. எதிர்ப்புக் கிளம்பியபோது, இவ்வளவு புனிதமான சொற்களைக் காசில் பொறிப்பது தெய்வ நிந்தனைக்குப் பக்கத்தில் போய் நிற்கும் மரியாதைக் குறைவு என்று எழுதினார். கோயிலிலும் நீதிமன்றத்திலும் நினைவுச் சின்னத்திலும் இருக்கட்டும், கைமாறும் காசில் வேண்டாம் என்பது அவர் வாதம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேட்கவில்லை. 1908 மே மாதச் சட்டம் வாசகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

கேள்வி: மதமும் அரசும் தனித்தனி என்று சொல்லும் நாட்டில் நீதிமன்றங்கள் இதை எப்படி அனுமதிக்கின்றன?

1970இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இது நாட்டுப்பற்றையும் சடங்கையும் சார்ந்த வாசகம், மதத்தை நிறுவுவதாகாது என்றது. பின்வந்த வழக்குகளும் தோற்றன. 2018இலும் இரண்டு மூன்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அதே முடிவையே சொல்லின.

‘விரும்பாத வாசகத்தை என்னைச் சுமக்க வைக்கிறார்கள்’ என்ற வாதத்துக்கு முட்டுக்கட்டை 1977இல் விழுந்தது. வண்டி எண் பலகையில் இருந்த மாநில வாசகத்தை மறைத்த நியூ ஹாம்ப்ஷயர் தம்பதியைத் தண்டிக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. அதன் அடிக்குறிப்பிலேயே பணம் வேறு வகை என்று பிரித்துவிட்டது: பணம் பையில் கிடப்பது, கைமாறுவது, ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

என் கருத்து: வாசகம் பணத்தில் இருக்கக் கூடாது. 1984இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன், இத்தகைய சொற்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு மதப் பொருளைப் பெரிதும் இழந்துவிட்டன என்று எழுதினார். பொருள் இழந்ததால்தான் சட்டப்படி செல்லும் என்றால், நம்பிக்கை உள்ளவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு எது? பொருள் இழக்கவில்லை என்றால், நம்பாத குடிமகன் வாயில் அரசு தன் சொல்லைப் போடுகிறது. இரண்டு வழியிலும் நியாயம் கிடைக்கவில்லை.

கேள்வி: வாசகமே இல்லாத 2007 வாஷிங்டன் டாலர் காசு விற்பனைக்கு வருகிறது. அசல்தானா?

அசல் உண்டு. அதிபர்கள் படம் கொண்ட அந்த டாலர் வரிசைக் காசுகளில் ஆண்டு, நாணயச்சாலைக் குறி, வாசகங்கள் எல்லாம் விளிம்பில் பள்ளமாகப் பொறிக்கப்பட்டன. முகப்பை அடித்தபின் வேறோர் எந்திரத்தில் நடந்த வேலை அது. அந்தக் கட்டத்துக்குப் போகாமல் தப்பிய காசுகள் வழுவழுப்பான விளிம்போடு வெளியேறின. ஆனால் விளிம்பை அராவிப் போலியும் செய்யலாம். எழுத்து பள்ளமானது என்பதால் அழிக்க உலோகத்தையே குறைக்க வேண்டும், அளவு காட்டிக்கொடுக்கும். எடை 8.1 கிராம், விட்டம் 26.49 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பெழுத்து தலைகீழாக இருப்பது பிழையல்ல. காசு எந்தப் பக்கம் திரும்பி எந்திரத்தில் போகிறதோ அப்படி விழும். 2009 முதல் வாசகம் முகப்புக்கு வந்துவிட்டது.

கேள்வி: நோட்டில் அந்த வரியைப் பேனாவால் அடித்தால் குற்றமா?

மறுபடி வெளியிட முடியாதபடி ஆக்கும் நோக்கத்தோடு சிதைத்தால்தான் குற்றம். ஒரு கோட்டுக்கு அது பொருந்துவது கடினம். வணிக விளம்பரம் அச்சடிப்பது தனிக் குற்றம்.

கேள்வி: வேறு நாடுகளில்?

நெதர்லாந்தின் 2 யூரோ விளிம்பில் ‘கடவுள் நம்மோடு இருப்பாராக’ என்றும், சுவிஸ் 5 பிராங்க் விளிம்பில் ‘ஆண்டவர் வழங்குவார்’ என்றும் உண்டு. பிரேசில் நோட்டில் 1986 முதல் ‘கடவுளுக்குப் புகழ்’. அரசர் பெயரோடு வரும் ‘கடவுளருளால்’ என்ற குறிப்பை விட்டுவிட்ட பிரிட்டனின் 1849 பிளோரின் (2 ஷில்லிங்) காசும் கனடாவின் 1911 காசுகளும் ‘கடவுளற்ற காசு’ என்று ஏச்சு வாங்கின. கனடா மறு ஆண்டே சேர்த்துவிட்டது.

கேள்வி: அமெரிக்கா நீக்க முடிவெடுத்தால் என்ன செய்ய வேண்டும்?

கருவூலம் தானாக நீக்க முடியாது. சட்டத் தொகுப்பின் 31ஆம் தலைப்பில் காசுக்கான 5112ஆம் பிரிவையும் நோட்டுக்கான 5114ஆம் பிரிவையும் காங்கிரஸ் திருத்த வேண்டும். தேசிய வாசகச் சட்டம் வேறு. அதைத் தொட வேண்டியதில்லை. ஒரு டாலர் பின்பக்கத்தில் பிரமிடின் மேலுள்ள கண்ணும், ‘அவர் நம் முயற்சிகளை ஆதரித்தார்’ எனும் லத்தீன் தொடரும் அரசு முத்திரையைச் சேர்ந்தவை, அவை அப்படியே நிற்கும். பழைய பணம் செல்லாததாகாது. ஒரு டாலர் நோட்டு சராசரியாக ஆறேழு ஆண்டு தாங்கும், காசு முப்பது ஆண்டு. நோட்டிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆன பிறகும் சில்லறையில் அந்த வரி கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கும்.