கிராஸ்லிங்க் பண்ணா பிளாஸ்டிக் ஸ்ட்ராங் ஆயிடுமா?

கேள்வி: மூலக்கூறு சங்கிலிங்கள ஒண்ணோட ஒண்ணு கட்டி கிராஸ்லிங்க் பண்ணா பிளாஸ்டிக் ஸ்ட்ராங் ஆகும்னு கிளாஸ்ல சொன்னாங்க. அப்ப எல்லா பிளாஸ்டிக்கையும் முடிஞ்ச வரைக்கும் கிராஸ்லிங்க் பண்ணிடலாமே, ஏன் பண்றதில்ல?

பதில்: அது எதைத் தாங்கணும்னு முதல்ல பாருங்க, சூடா, ரொம்ப நாள் தொங்குற வெயிட்டா, இல்ல திடீர்னு விழுற அடியா? முதல் ரெண்டுக்கும் கிராஸ்லிங்க் அருமையா கைகொடுக்கும், மூணாவதுல அளவு மீறினா காலை வாரிடும்.

சாதா பாலிஎத்திலீன்ல நீள நீளமான மூலக்கூறு சங்கிலிங்க சிக்கு விழுந்த நூல் மாதிரி பின்னிக் கிடக்கும், அவ்ளோதான், முடிச்சு கிடையாது, அதனால சூடானாலோ ரொம்ப நாள் இழுத்தாலோ மெதுவா வழுக்கி நகர்ந்துடும். பக்கத்து பக்கத்து சங்கிலிய கெமிக்கல் பாண்ட் போட்டு கட்டிட்டா வழுக்க முடியாது, க்ரீப் (ரொம்ப நாள் வெயிட்ல மெதுவா நீளறது) குறையும், உருகுற சூட்டுலயும் ஓடாம ரப்பர் மாதிரி நிக்கும். எக்ஸ்எல்பிஇ (கிராஸ்லிங்க் பண்ண பாலிஎத்திலீன்) உறை போட்ட கரண்ட் கேபிள் 90 டிகிரி செல்சியஸ்ல தொடர்ந்து வேலை செய்யறதும், ஷார்ட் சர்க்யூட் ஆகுற சில செகண்ட் 250 டிகிரி வரைக்கும் தாங்கறதும் இதனாலதான்.

ஆனா ஒண்ணு, உருகின பாலிஎத்திலீன்ல பெராக்சைடுங்கற கெமிக்கல் போட்டு கிராஸ்லிங்க் பண்ணா, ஆறினப்புறம் அதோட விறைப்பு அதிகமாகாது, கொஞ்சம் குறையக்கூட செய்யும்! கட்டுப்பட்ட சங்கிலிங்க ஒழுங்கா அடுக்கி படிகமாக முடியாதுல்ல, அதான். இதை நிறைய பாடத்துல சொல்லாம விட்டுடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

அளவு எவ்ளோ முக்கியம்னு ரப்பரே காட்டும். நூறு பங்கு ரப்பருக்கு ரெண்டு மூணு பங்கு கந்தகம் போட்டா பல மடங்கு நீண்டு திரும்பி வரும், முப்பது நாப்பதுன்னு போனா எபோனைட்டுங்கற கெட்டி ரப்பர் ஆயிடும், கட்டையா, நீளவே நீளாது. சங்கிலி நகர்ந்தாதான் அடியோட எனர்ஜிய உள்வாங்கும், நகர விடாம கட்டிட்டா விரிசல் சரசரன்னு ஓடிடும். நிறைய கிராஸ்லிங்க் ஆன எபாக்சிங்கற பிளாஸ்டிக்ல ரப்பர் துகள் கலக்கறதே இதுக்காகத்தான்.

கேள்வி: செயற்கை இடுப்பு மூட்டுல கூட இது இருக்காமே?

பதில்: ஆமா, அங்க இருக்கற பாலிஎத்திலீன் கிண்ணத்த கதிர்வீச்சால கிராஸ்லிங்க் பண்றாங்க, தேய்மானம் நல்லாவே குறையுது. ஆனா டோஸ் ஏற ஏற விரிசலைத் தாங்கற சக்தி இறங்குது, அதனால தேய்மானத்துக்கும் விரிசலுக்கும் நடுவுல பார்த்துதான் டோஸ முடிவு பண்றாங்க.