கறிவேப்பிலைக்கு விருந்து, கிரெவில்லியாவுக்கு விஷம்

கேள்வி: சிட்னி டூங்காபியில் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. நேட்டிவ் செடிகள், அதாவது இந்த மண்ணுக்கே உரிய செடிகள், வைத்தால் பறவைகள் வரும், தண்ணீரும் அதிகம் வேண்டாம் என்றார்கள். முன்பக்கம் ‘ராபின் கோர்டன்’ கிரெவில்லியா மூன்றும் பாங்க்சியா ஒன்றும் வைத்தேன். குழியில் மாட்டெரு, மாதம் ஒரு முறை கோழி எருவும் எலும்புத்தூள் கலந்த உரமும், தினமும் தண்ணீர் என்று குறையில்லாமல்தான் கவனித்தேன். இரண்டு கிரெவில்லியா பட்டுப்போய்விட்டன. மூன்றாவதின் இலை ஓரம் கருகுகிறது. பாங்க்சியாவின் தளிர் மஞ்சளாக வருகிறது. அதே பாத்தியில் மேல்பக்கம் இருக்கும் கறிவேப்பிலை மட்டும் தளதளவென்று நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: கறிவேப்பிலை தளதளவென்று நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. அந்தப் பாத்தியில் உரம் ஏராளம். கறிவேப்பிலைக்கு அது விருந்து. பக்கத்தில் இருப்பவை அதே சாப்பாட்டால்தான் செத்துக்கொண்டிருக்கின்றன.

கிரெவில்லியா, பாங்க்சியா, ஹேக்கியா, வராட்டா எல்லாம் புரோட்டியேசி என்ற ஒரே குடும்பம். ஆஸ்திரேலிய மண் மிகப் பழையது. கோடிக்கணக்கான வருட மழையில் கரைந்து தேய்ந்ததால் அதில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகக் குறைவு. அந்த வறுமைக்கு ஏற்றபடி இந்தக் குடும்பம் தனி வேர் ஒன்றை வளர்த்துக்கொண்டது. நன்றாக இருக்கும் பாங்க்சியாவின் அடியில் சருகை மெல்ல விலக்கிப் பாருங்கள். புட்டி கழுவும் பிரஷ் மாதிரி, மயிரிழை வேர்கள் நெருக்கமாக முளைத்த கொத்துகள் தெரியும். ஒவ்வொரு கொத்துக்கும் ஆயுள் சில வாரம்தான். அதற்குள் சிட்ரிக் போன்ற அமிலங்களைக் கசியவிட்டு, மண் இறுகப் பிடித்து வைத்திருக்கும் மணிச்சத்தைக் கரைத்து உறிஞ்சிவிடும். இந்த வேர்களை 1960இல் ஹெலன் பர்னெல் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் விவரித்து, ‘புரோட்டியாய்டு வேர்’ என்று பெயர் வைத்தார்.

இப்படிச் சுரண்டி எடுக்கப் பழகிய செடிக்கு நிறுத்தத் தெரியாது. பந்தியில் போதும் என்று இலையை மடிக்கத் தெரியாத விருந்தாளி மாதிரி, மணிச்சத்து கிடைக்கக் கிடைக்க ஏற்றிக்கொண்டே போகும். அது இலையில் சேர்ந்து நஞ்சாகிறது, கூடவே இரும்புச்சத்தைப் பயன்படுத்தவும் விடுவதில்லை. முதிர்ந்த இலை ஓரத்தில் கருகுவதும், தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதும் அதனால்தான். மஞ்சளைப் பார்த்ததும் ‘சத்துக் குறைவு’ என்று இன்னொரு கை உரம் போடுவோம் பாருங்கள், அங்கேதான் பெரும்பாலான செடிகள் முடிந்துபோகின்றன. எலும்புத்தூள் என்பதே பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். கோழி எருவும் மணிச்சத்து நிறைந்தது.

நான் பிறந்து வளர்ந்தது குன்னூர். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தைப் பார்க்காத நாளே கிடையாது. அது கிரெவில்லியா ரொபஸ்டா, அசல் ஊர் தெற்கு குவீன்ஸ்லாந்தும் வடக்கு நியூ சவுத் வேல்ஸும் என்பது இங்கே வந்து தோட்டக்கலை படிக்கும்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் என்ன? நான் வைத்த முதல் வராட்டாவுக்கு ஊர்ப் பழக்கத்தில் ஒரு கூடை மாட்டெரு போட்டேன். ஒரு கோடைகூடத் தாங்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேலாகக் கிடக்கும் எருவையும் உரத்தையும் வேரைக் கிளறாமல் வழித்து எடுத்துவிடுங்கள். இரும்பு கீலேட் வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து ஊற்றுங்கள். வேறு எதுவும் வேண்டாம், எப்சம் உப்பு, மீன் கரைசல் எதுவும். களிமண் மணிச்சத்தை எளிதில் விடாது என்பதால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாங்க்சியா பிழைக்கக்கூடும். ஓரம் கருகிய கிரெவில்லியாவைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

தினமும் தண்ணீர் என்கிறீர்கள், அதுவும் சேர்ந்து கெடுத்திருக்கும். சிட்னியின் கடலோர மேடுகளில் மணற்பாறை மண், தண்ணீர் நிற்காது. உங்கள் பக்கம் வியானமட்டா ஷேல் பாறையிலிருந்து வந்த கனத்த களிமண். இதில் தினமும் ஊற்றினால் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் வரலாம். மண் ஈரமாக இருந்தும் செடி திடீரென்று மொத்தமாக வாடினால் பெரும்பாலும் வேரழுகல்தான். பட்டுப்போன இரண்டையும் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து, தொட்டால் தோல் கழன்று வந்தால் அழுகல். அந்த இடத்தில் மறுபடி கிரெவில்லியா வைக்காதீர்கள்.

புதிதாக வைக்க ஏப்ரல், மே நல்ல காலம். வெயில் தணிந்திருக்கும், மண்ணில் சூடு மிச்சமிருக்கும், கோடைக்குள் வேர் பிடித்துவிடும். புதுச் செடிகளுக்குக் கறிவேப்பிலையைவிட மேடான பக்கத்தில் வேறு இடம் பாருங்கள். இல்லாவிட்டால் கறிவேப்பிலைக்குப் போடும் உரம் மழையில் கரைந்து அவற்றின் அடிக்குத்தான் வந்து சேரும். ஓர் அடி ஆழம் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். தொட்டியோடு செடியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை வைத்திருந்து எடுங்கள். குழி தொட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் தொட்டியளவே. உள்ளே எரு கூடாது. மேலே மரச்சீவல் மல்ச் மூன்று விரற்கடை, தண்டைத் தொடாமல். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர், பிறகு மழை பார்த்துக்கொள்ளும். கடையில் பெரிய தொட்டிச் செடிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். விரல் நீள டியூப் செடிகள் இரண்டு மூன்று வருடத்தில் அவற்றை எட்டிப் பிடித்துவிடும்.

உரம் போட்டே தீருவேன் என்றால், பாக்கெட்டின் பின்னால் என்.பி.கே. (தழை, மணி, சாம்பல் சத்து) எண்களில் நடுவில் இருப்பதைப் பாருங்கள். இந்தக் குடும்பத்துக்கு அது 1க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு விஷயம்: ஊரில் உர மூட்டையில் மணிச்சத்தை ஆக்ஸைடு கணக்கில் போடுவார்கள், இங்கே தனிமக் கணக்கில். இங்கே 4 என்றால் அங்கத்திய கணக்கில் சுமார் 9. ஊர் ஞாபகத்தில் ‘நாலுதானே’ என்று ஏமாறாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லா நேட்டிவ் செடிகளையும் பட்டினி போட்டுவிடவும் வேண்டாம். ஃபிங்கர் லைம் இந்த மண்ணின் செடிதான், ஆனால் எலுமிச்சை வர்க்கம், எலுமிச்சைக்குப் போடும் உரத்தை அதற்கும் போடலாம். லில்லி பில்லி நம் நாவல் மரத்தின் சொந்தம், இரண்டும் சிசிஜியம். அதுவும் உரத்துக்கு அஞ்சாது, உங்கள் களிமண்ணிலும் வரும். பாட்டில் பிரஷ்ஷும் அப்படியே. வேலியில் ஏற ஹார்டன்பெர்ஜியா, நிழலில் நம் அவுரியின் உறவான இண்டிகோஃபெரா ஆஸ்ட்ராலிஸ் வைக்கலாம், இரண்டும் உங்கள் பகுதிக் காட்டில் தானாக வளர்பவை. கிரெவில்லியாதான் வேண்டும் என்றால் ஜூனிபெரினாவின் மேற்கு சிட்னி வகையைக் கேளுங்கள். அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட செடி அது. குத்தும், ஆனால் களிமண்ணுக்குப் பிறந்தது. காய்ந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் பகட்டான வகைகளில் ஆசை இருந்தால் ஒட்டுக்கட்டிய செடியாக வாங்குங்கள். அதற்கு அடிவேர் கொடுப்பது பெரும்பாலும் நம் சில்வர் ஓக்தான்.

பறவைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருடம் முழுவதும் பூக்கும் பெரிய கலப்பின கிரெவில்லியாவை மட்டும் வரிசையாக வைத்தால், நாய்சி மைனர் என்ற சாம்பல் பறவை கூட்டமாக வந்து அந்த இடத்தையே பிடித்துக்கொள்ளும், சின்னப் பறவைகளை அண்ட விடாது. நம் மைனா அல்ல, இது இந்த நாட்டுத் தேனுண்ணி, ஆனால் ரௌடி. இடையிடையே முள்ளும் அடர்த்தியுமாக ஜூனிபெரினா, பர்சாரியா இருந்தால் நீல ரென் குருவிகளுக்கு ஒளிய இடம் கிடைக்கும். என் தோட்டத்தில் அந்த முள் புதர்களை வெட்டச் சொல்லி வீட்டில் இன்னும் சண்டைதான்.

பாங்க்சியா பிழைத்துப் பூத்தால் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஒரு பூ என்று நினைப்பது நூற்றுக்கணக்கான பூக்கள் சேர்ந்த கதிர். பல வகைகளில் அடியிலிருந்து மேலே வரிசையாக மலரும். கதிரின் கீழ்ப் பாதி விரிந்து, மேல் பாதி இன்னும் முறுக்கோடு நிற்கும் நாள் ஒன்று வரும், அதுதான் எனக்குப் பிடித்த நாள். காய்ந்த கதிரை ஒடிக்காமல் விடுங்கள், மரக்கட்டை போன்ற அதன் வாய்களுக்குள் விதை இருக்கிறது. வைக்கும் முன் வளர்ந்த உருவத்தில் எல்லாவற்றையும் பார்க்க, மவுண்ட் ஆனன் தாவரவியல் தோட்டத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ராபின் கோர்டன் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். பிடுங்கும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். வழித்தெடுத்த எருமண்ணை மேல்பக்கக் கறிவேப்பிலையின் அடியில் தள்ளிவிடாதீர்கள், மழையில் கரைந்து பாங்க்சியாவிடமே திரும்பி வரும்.