ஆம்ஸ்ட்ராட் 6128: வட்டு உள்ளே இருந்தும் ‘டிஸ்க் மிஸ்ஸிங்’

உங்கள் ஆம்ஸ்ட்ராட் 6128 கணினியின் வட்டு டிரைவில் இருக்கும் பெல்ட்டை மாற்றுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, வட்டில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் கேட் (CAT) கட்டளை கொடுத்தால் மட்டும் ‘டிரைவ் ஏ: டிஸ்க் மிஸ்ஸிங்’ என்று வருகிறது என்கிறீர்களே, அது இந்த 3 அங்குல டிரைவ்களில் வழக்கமாக வருகிற கோளாறுதான். மோட்டார் சுற்றும், ஆனால் வட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் செத்திருக்கும். வட்டு சுற்றாததால் ஒவ்வொரு சுற்றையும் காட்டிக்கொடுக்கும் அதன் இண்டெக்ஸ் துளை சென்சாரைக் கடக்காது, கணினியும் வட்டே இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

முதலில் டிரைவைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பெல்ட் சில சமயம் வெறுமனே தளர்ந்திருக்கும், சில சமயம் தார் மாதிரி உருகிக் கப்பியில் அப்பியிருக்கும், தொட்டால் விரலை விட்டுப் போகவே போகாது. அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் புது பெல்ட் போட வேண்டும், மிச்சம் இருந்தால் வழுக்கும். இறுக்கமான பெல்ட்டும் வேண்டாம், வேகம் நிமிடத்துக்கு 300 சுற்றில் நிற்க வேண்டும். வேகம் பிசகினால் அடுத்து ‘ரீட் ஃபெயில்’ (படிக்க முடியவில்லை) வரும்.

அப்புறம், டிரைவுக்குப் பதிலாக கோடெக் (Gotek, யூஎஸ்பி பென் டிரைவை வட்டு போலக் காட்டும் கருவி) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் இந்த டிரைவின் பவர் கனெக்டரில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சாதாரண பிசி டிரைவுக்கு நேர்மாறாக இருக்கும், அப்படியே செருகினால் கோடெக் அங்கேயே காலி. மல்டிமீட்டரில் அளந்து, வயரை இடம் மாற்றிய பிறகு செருகுங்கள்.