கபடியில் மோதிய தலை

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்குக் கபடியில் எதிராளியின் முழங்கால் முகத்தில் மோதி முன்பல் விழுந்துவிட்டது. மயங்கவில்லை, ஆனால் ஸ்கோரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். நாளை ஆடலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: வேண்டவே வேண்டாம்மா. கேட்டதையே கேட்பது மூளை அதிர்ச்சியின் அடையாளம். மயங்க வேண்டும் என்பதில்லை. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலி கூடினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, மூக்கில் தெளிவான நீர் வடிந்தாலோ நேரே அவசரப் பிரிவுதான். முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடி ஆட விடும் பயிற்சியாளர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்!

அப்புறம், பல். வேரைத் தொடாமல், தேய்க்காமல் எடுத்து, ஆறிய பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போயிருந்தால் திரும்பப் பொருத்த வாய்ப்பு அதிகம். தெளிவாக இருப்பவருக்கு உடனே குழியிலேயே வைக்கலாம். தடுமாறுகிறவருக்குக் கூடாது, விழுங்கிவிடுவார். இப்போதும் பல்லோடு போய்க் காட்டுங்கள்.